வன்னியில் காயம் கட்டிய பெண்கள், வீடு திரும்பிய பிறகு

கேட்டவர் ரொறன்ரோவில் வளர்ந்தவர். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கத் தாதியர் ஊர் திரும்பிப் பட்ட பாட்டைப் பற்றி எங்கேயோ வாசித்திருக்கிறார். இலங்கையின் வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் தன் சித்தி விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர் என்றும், இப்போது அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை என்றும், வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு நடந்ததுதானா இவருக்கும் நடந்தது, நாங்கள் என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

பாதி அதேதான். மறுபாதி வேறு. வெளிநாட்டில் இருப்பவர்களின் கண்ணில் அந்த மறுபாதி அநேகமாகப் படுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளசமூக வேலை செய்தபோது இப்படியான பெண்கள் பலரோடு பழகியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

முதலில் அமெரிக்கக் கதை. வியட்நாமுக்கு 11,000 அமெரிக்கப் பெண்கள் வரை போனார்கள் என்று சொல்வார்கள். பத்தில் ஒன்பது பேர் தாதியர், அதிலும் அநேகம் பேர் படிப்பை முடித்து அதிக காலம் ஆகாத இளம் பிள்ளைகள். திரும்பி வந்தபோது அந்தப் போரையே வெறுத்துக்கொண்டிருந்த நாடு, பெண்களும் அங்கே இருந்தார்களா என்று கேட்டது. 1982-இல் வாஷிங்டனில் இறந்தவர்களின் பெயர்ச் சுவர் எழுப்பப்பட்டபோது 58,000 பெயர்களுக்கு நடுவில் 8 பெண்களின் பெயர்கள்தான் இருந்தன. உயிரோடு வந்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. டயான் கார்ல்சன் எவன்ஸ் என்ற முன்னாள் இராணுவத் தாதி வருடக்கணக்காக அலைந்து போராடித்தான் 1993 நவம்பர் 11-இல் அந்தப் பெண்களுக்கென்று ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 1980களில் அமெரிக்க அரசு செய்வித்த பெரிய ஆய்வில், அங்கே பணியாற்றிய பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் போர் மனவடுவால் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்று வந்தது.

இதெல்லாம் உங்கள் சித்திக்கும் பொருந்தும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அமெரிக்கப் பெண்களிடம் தாதியாகப் பதிவு செய்த பத்திரம் இருந்தது. ஊருக்கு வந்த அடுத்த மாதமே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்கலாம். களத்தில் சத்திரசிகிச்சைக்குக் கை கொடுத்தவளிடம், இங்கே டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதே என்று சொல்லியிருப்பார்கள், அது கசந்து தொழிலையே விட்டவர்களும் இருக்கிறார்கள். என்றாலும் நான் தாதி, போரில் வேலை செய்தேன் என்று சொல்லப் பயப்பட வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை. உங்கள் சித்திக்கு அந்த வசனமே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். தனக்குத் தெரிந்த வேலை எது என்று சொன்னாலே, எங்கே படித்தாய், யாரோடு இருந்தாய், எந்த வருடம், யார் பொறுப்பாளர் என்று கேள்விகள் வரும். கையில் இருந்த கல்வியை ஒளித்து வாழ வேண்டியிருந்தது. அவர்களோடு பழகிய அளவில், இரத்தத்தைப் பார்த்த பயத்தைவிட இதுதான் அவர்களை அதிகம் அரித்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அவர்கள் யார், என்ன தெரிந்தவர்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இயக்கம் என்றால் சீருடையும் துவக்கும் மட்டும்தான் கண்ணுக்குள் வருகிறது. மருத்துவப் பிரிவுக்குள்ளேயே பல தட்டுகள் இருந்தன. 1990களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 95 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிக்கு வந்த அவர்களுடைய மருத்துவக் கல்லூரியில் படித்து டொக்டரானவர்கள் ஒரு பக்கம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவர்கள், மயக்க மருந்து கொடுக்கப் பழகியவர்கள், இரத்தம் சோதித்தவர்கள், மருந்துக் களஞ்சியம் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். மாலதி, சோதியா போன்ற பெண்கள் படையணிகளோடு முன்னரங்குக்குப் பின்னாலேயே மருந்துப் பையோடு ஓடிய மெடிக்ஸ் பிள்ளைகள் வேறு. ஊர்களில் இருந்த திலீபன் மருத்துவ நிலையங்களில் சனத்துக்குக் காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளைப்பேறு என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். அநேகம் பேர் ஆயுதப் பயிற்சி எடுத்தவர்கள், கழுத்தில் சயனைட் குப்பியும் இருந்தது. அதை மறைத்து அவர்களை வெள்ளைச் சீருடைத் தேவதைகளாகக் காட்டத் தேவையில்லை, அவர்களே அதை விரும்பவும் மாட்டார்கள்.

படிப்பு எங்கே நடந்தது என்றால் பெரும்பாலும் வேலையிலேயே. 1997 மே 13-இல் தொடங்கி 1998 டிசம்பர் வரை இழுபட்ட ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கைக் காலத்தில், புளியங்குளம், மாங்குளம் காட்டுப் பக்கமிருந்து காயக்காரர் வந்துகொண்டே இருந்தார்கள். அப்போது வன்னிக்குள் மருந்து, எரிபொருள், பற்றரி என்று எதுவும் சுலபமாக வராது, பொருளாதாரத் தடை. மலேரியா வேறு. துணியைக் கழுவி அவித்துக் காயவைத்துத் திரும்பப் பாவிப்பது, ஒரு ஊசி மருந்தை யாருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும், யார் தாங்குவார்கள் என்று பார்ப்பது, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நாளம் கண்டுபிடிப்பது, எல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 வீதி திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டார்கள். ஒழுங்கான வகுப்பு, பரீட்சை, புத்தகம் என்று பலர் உருப்படியாகப் படித்தது அந்த இடைவெளியில்தான். 2004 டிசம்பர் 26-இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டுபோனபோது சேற்றுக்குள் இறங்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். அன்று அவர்களை யாரும் என்ன அமைப்பு என்று கேட்கவில்லை.

இன்னொரு கூட்டமும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். 2006-க்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துப் போனார்கள். கடைசி வருடத்தில் அதுவும் மீறிப் போனது. அப்படிப் பிடிபட்ட சின்னப் பிள்ளைகளில் சிலர் குறுகிய பயிற்சியோடு காயக்காரரிடம் விடப்பட்டார்கள். விரும்பிப் போன அக்காவும் அழுதுகொண்டு போன தங்கச்சியும் ஒரே தறப்பாளுக்குக் கீழே வேலை செய்தார்கள். திரும்பி வந்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரே முத்திரைதான் விழுந்தது.

போர் முடிந்த 2009-ஐப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, ஆனால் ஓரளவாவது தெரியாமல் உங்கள் சித்தியின் மௌனம் விளங்காது. 2008 கடைசியிலிருந்து வன்னியில் ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, பிறகு மாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம், கடைசியில் முள்ளிவாய்க்கால். கட்டிலைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி, போய் இறங்கிய இடத்தில் திரும்பப் பூட்டி, அங்கேயும் செல் (எறிகணை) விழ, மறுபடியும் கழற்றுவது. பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி திரும்பத் திரும்ப அடிபட்டது, அதே கிழமையில் பொன்னம்பலம் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அடிபட்டது. மே 12-இல் முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரியிலும் செல் விழுந்தது. பெப்ரவரி முதல் மே தொடக்கம் வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில், கூடப் போன உறவினரையும் சேர்த்து, கிட்டத்தட்ட 14,000 பேர் வெளியே போனார்கள். போக முடியாத மிச்சப் பேரோடு இந்தப் பெண்கள் நின்றார்கள்.

அந்த இடத்தில் அரசாங்க டொக்டர்களும் இருந்தார்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா இருவரும் மார்ச் மாதம் சுகாதார அமைச்சுக்கு எழுதிய கடிதத்தில், மயக்க மருந்தும் அத்தியாவசிய மருந்துகளும் வந்திருந்தால் ஆஸ்பத்திரியில் நடந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மயக்க மருந்து இல்லாமல் கை கால் அகற்றியதையும், இரத்தம் இல்லாமல் காயக்காரரின் உடம்பிலிருந்து வடிந்த இரத்தத்தையே பிடித்துத் துணியால் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011 அறிக்கையில் எழுதியிருக்கிறது. துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன. மாற்றுத் துணி இல்லாமல் சேலையைக் கிழித்தார்கள். அதே அறிக்கையில், வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதும் இருக்கிறது. அதையும் இந்தப் பெண்கள் கண்டார்கள், அப்படிச் சூடு பட்டு வந்தவர்களுக்கும் இவர்கள்தான் கட்டுப் போட்டார்கள். தான் நம்பிய இயக்கத்தின் சன்னத்தைச் சனத்தின் உடம்பிலிருந்து எடுத்தவளுக்கு அதைப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. இந்தப் பக்கம் சொன்னால் துரோகி, அந்தப் பக்கம் சொன்னால் சாட்சி.

கொழும்பு சம்பளம் கொடுத்த அந்த டொக்டர்களுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். மே மாதம் வெளியே வந்தவுடன் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜூலை 8-இல் பத்திரிகையாளர் முன்னால் உட்காரவைத்து, முன்பு சொன்னதெல்லாம் மிகை என்று சொல்லவைத்தார்கள். ஓகஸ்டில்தான் பிணை. பதிவும் பதவியும் பெயரும் உள்ளவர்களின் கதி இது என்றால், ஒரு பெயர்கூட வெளியே தெரியாத பிள்ளைகள் என்ன துணிவில் வாயைத் திறப்பார்கள்?

இராணுவப் பக்கம் போக வட்டுவாகல் பாலம் கடக்க முன்னரே பலர் தங்களிடம் இருந்த கடுதாசி, குறிப்புக் கொப்பி, படம் எல்லாவற்றையும் எரித்தார்கள் அல்லது மண்ணுக்குள் புதைத்தார்கள். மருந்தளவு எழுதி வைத்த கொப்பிகள், பரீட்சை எழுதி எடுத்த சான்றிதழ்கள் எல்லாம் அதோடு போயின. அந்தப் பக்கம் போனதும், ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காயம்பட்டவரைப் பராமரித்ததற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது போர்ச் சட்டத்தில் பழைய வழக்காறு. வன்னியில் அதை எடுத்துக் காட்டும் நிலையில் யாரும் இருக்கவில்லை. ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் உள்ளே வைக்கப்பட்டார்கள், அதில் 2,000க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். வவுனியாவில் பம்பைமடு, பூந்தோட்டம் என்று இடங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல்.

அங்கே தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். தையல், அழகுக்கலை, சமையல், கொஞ்சம் கணினி. தையல் கேவலமான வேலை இல்லை, என் அம்மாவும் தைத்துத்தான் எங்களை வளர்த்தவர். ஆனால் வயிற்றுக் காயத்தில் குடல் தைக்க உதவியாக நின்ற ஒருத்தியிடம், உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தேவை இல்லாமலா? அதே நேரத்தில் வன்னியில் மீளத் திறந்த ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லாமல், தாதியும் ஓடலியும் இல்லாமல் திண்டாடினார்கள். ஆனால் இவர்களுக்குக் கதவு பூட்டியே இருந்தது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குப் போக உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்திருக்க வேண்டும், வயதெல்லையும் உண்டு. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவள் முப்பதைத் தாண்டி வெளியே வந்து எதைக் காட்டுவாள்? பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது குற்றம். அந்தச் சட்டம் நியாயமானதுதான், யாரும் யாருக்கும் ஊசி போடலாம் என்று விட முடியாது. தெரிந்ததைச் சோதித்துப் பார்த்து, குறைவதைப் படிப்பித்து, ஏதாவது ஒரு படியில் ஏற்றிவிட ஒரு வழி போட்டிருக்கலாம், அவ்வளவுதான் நான் சொல்வது. போடவில்லை. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்த இரண்டு பெண்களில், அரசாங்கத் தாதி பிறகு சம்பளமும் பதவி உயர்வும் எடுத்து ஓய்வூதியத்துக்குப் போகிறார். மற்றவருக்கு அந்தப் பத்து வருடத்துக்கும் சேர்த்துக் கையில் இருப்பது ஒரே ஒரு பத்திரம், புனர்வாழ்வு பெற்றவர் என்ற சான்றிதழ்.

சரி, வீட்டுக்கு வந்தார்கள். வீடு என்றால் தறப்பாள், பிறகு தகரம், இன்னும் கொஞ்சக் காலத்தால் சிலருக்கு இந்திய வீட்டுத்திட்டம். வந்தவுடன் ஊர் பார்த்தது தலைமுடியைத்தான். கட்டையாக வெட்டிய முடி வளர எவ்வளவு காலம் எடுக்கும் என்று பெண்களுக்குத் தெரியும், அது தோளுக்கு வரும்வரை கடைக்குக்கூடப் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு விசாரணை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், புதிதாக யார் வந்து போனது, வெளிநாட்டிலிருந்து யார் காசு அனுப்புகிறார்கள் என்று கேட்பார்கள். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆம்பிளைகள் இப்படி வந்து போனால் ஊர் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இயக்கத்தில் இருந்ததா, அடுத்த கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்பது. இந்த வாய்விட்டுக் கேட்காத கேள்விதான் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையைக் குலைத்தது. ஊருக்காக உயிரைக் கொடுக்கப் போனவள் என்று மேடையில் பாடிய அதே ஊர்தான்.

அயலட்டையின் மனம் ஒரு மாதிரியாக இருக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன் பிள்ளையை இயக்கம் பிடித்துப் போய்ச் சாகக் கொடுத்த ஒரு தாய், இயக்கத்தில் இருந்து உயிரோடு வந்த பெண்ணைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதே ஒழுங்கையில் இன்னொரு தாய், என்ர பிள்ளைக்குக் கால் போகாமல் காப்பாற்றினது இவள் என்று பொங்கல் பானையோடு வந்து நின்றிருக்கிறார். ஒரே நாளில் இரண்டையும் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வாழ வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தர்மபுரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படியான ஒரு அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன், அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பொழுதுபட்ட நேரம் அடுத்த வளவுச் சின்னப் பெடியன் தகர வேலியில் காலைக் கிழித்துக்கொண்டு அலறினான். சுளகு எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை, அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கொடியில் காய்ந்த சுத்தமான துணியை இழுத்து நாலாக மடித்து அழுத்தினார், காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்தார், காயத்தை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பெடியனின் உதட்டையும் நகத்தையும் பார்த்தார், மணிக்கட்டில் விரல், பெயர் என்ன, எத்தனையாம் வகுப்பு, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று சாதாரணக் கதை. பெடியன் அழுகையை விட்டுப் பதில் சொல்லத் தொடங்கினான். கட்டி முடித்து, கால் பெருவிரல் நகத்தை அமத்திவிட்டு எடுத்து நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். தாயிடம் திரும்பி, தையல் போட வேணும், ஏற்பு ஊசியும் போட வேணும், இப்பவே கொண்டு போங்கோ என்றார். அடுத்த நிமிடம் குரல் தாழ்ந்துபோய், “நான் கட்டினது எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போடாதேங்கோ, பக்கத்து வீட்டு ஆச்சி கட்டினவ எண்டு சொல்லுங்கோ” என்றார். திரும்பி வந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினார். அப்போதுதான் கை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் நின்ற தாதி மிஸ், நல்ல கட்டு, ஆர் கட்டினது என்று கேட்டாவாம். ஆச்சி என்றே சொல்லிவிட்டு வந்தார்கள்.

உங்கள் சித்தி வாசலில் நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் மட்டும் இருக்காது. மணம் ஒன்று, ஸ்பிரிட்டும் ஈரப் பஞ்சும் இரத்தமும் கலந்த அந்த மணம் ஆளை ஒரு நொடியில் மாத்தளனுக்குக் கொண்டுபோய்விடும். அதைவிட ஆழமானது தெரிவு. களத்தில் காயக்காரர் ஐம்பது பேர் கிடக்க சேலைன் ஐந்து போத்தல்தான் இருந்தால் யாருக்கு ஏற்றுவது என்று ஒருத்தர் முடிவெடுக்க வேண்டும். பிழைக்கக்கூடியவரை முதலில் எடு, முடியாதவரை ஓரமாக வை என்பது உலகம் முழுக்கப் படிப்பிக்கிற முறை, அதில் பிழையே இல்லை. ஆனால் ஓரமாக வைக்கப்பட்டவர் தண்ணி கேட்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சிலவேளை அவர் உங்களோடு ஒரே முகாமில் படுத்தெழும்பிய பிள்ளையாக இருப்பார். துவக்குப் பிடித்தவன் எதிரியைச் சுட்டதை நினைத்துத் தூக்கம் கெடலாம். இவர்களுக்குத் தூக்கம் கெடுவது தாங்கள் எடுக்காமல் விட்டவர்களை நினைத்துத்தான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் வன்னியில் நடந்ததைத் தனி ஆளின் வருத்தமாகப் பார்க்க முடியாது, சமூகம் முழுவதுக்குமான மனவடு என்று எழுதினார்கள். அது சரி. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளும் இந்தப் பெண்களுக்கு ஒரு தனிப் பாரம் இருக்கிறது. போர் முடிந்த முதல் வருடங்களில் வன்னிக்குள் உளவளத்துணை வேலை செய்ய அனுமதி எடுப்பதே பெரும்பாடு, கட்டடம் கட்ட விடுவார்கள், கதைக்க விட மாட்டார்கள். பேசியிருக்க வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது.

பயம் இன்னொன்றும் உண்டு. 2015 ஒக்டோபரில், மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி புற்றுநோயால் இறந்தார். அடுத்த வருடம், புனர்வாழ்வில் ஏதோ ஊசி போட்டார்கள், அதனால்தான் முன்னாள் போராளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்ற கதை பரவி வட மாகாண சபை வரை போனது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஊசியையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருத்திக்கு, தன் கையில் என்ன ஏற்றினார்கள் என்று தெரியாமல் இருந்த நாட்கள் எவ்வளவு வாதை என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசல் அவருக்கு வெறும் வாசல் இல்லை.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எத்தனை பேர் செத்தார்கள், கடைசி நாளில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். போனில் பதிவு செய்யாதீர்கள், பேஸ்புக்கில் சித்தியின் படத்தைப் போட்டு வீரமங்கை என்று எழுதாதீர்கள், நீங்கள் அங்கே எழுதுவதற்கு விசாரணைக்குப் போவது அவர். வேலையைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை எப்படிக் குளிர்ப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று உங்கள் வீட்டுத் தேவைக்கே கேளுங்கள். தெரிந்த ஒருத்தியாக அவரை நடத்தினால் வாய் தானாகத் திறக்கும், திறக்காவிட்டாலும் பரவாயில்லை. காசு அனுப்புவதாக இருந்தால் கூடவே ஒரு பிரஷர் மெஷின் வாங்கி அனுப்புங்கள். அதை வீட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் பதிவு தேவையில்லை, ஒழுங்கையில் உள்ள கிழடுகள் எல்லாம் பின்னேரத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்காரும்.

வேலை செய்யக்கூடிய வயது, விருப்பம் இருந்தால் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) பற்றி விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகியதை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை அதில் இருக்கிறது, பராமரிப்பாளர் தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. இயக்கத்தில் படித்தேன் என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். வீட்டில் வயதானவரைப் பார்த்த அனுபவமும் அனுபவம்தான். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தால், சுயதொழில் என்று நுண்கடன் எடுத்துக் கோழி வளர்த்து நொடிந்துபோன பல பெண்கள் இன்று வேறு மாதிரி இருந்திருப்பார்கள். வெளிநாட்டுச் சங்கங்கள் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சுவதோடு, பத்துப் பெண்களுக்கு இந்தச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் செலவையும் ஏற்கலாம்.

மருத்துவத்துக்கு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை வருத்தத்துக்கு என்று கூட்டிப்போகாதீர்கள், யாரையாவது பார்க்கப் போவது போல, சனம் குறைந்த பின்னேரத்தில், வெளி மரத்தடி வரை போய் வாருங்கள். அவர் திரும்பலாம் என்றால் திரும்புங்கள். உள்ளே போகும் நாளில் ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: உடம்பில் செல் பீஸ் இருக்கிறதா என்று கேட்டு டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இவர்களில் பலருக்குத் தலையிலோ முதுகிலோ எடுக்காமல் விட்ட பீஸ் இருக்கும், அதைச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போனால் ஆபத்து. அவர் தானாகச் சொல்ல மாட்டார். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.